பள்ளி மணி 9.10-க்கு அடிக்கவில்லை: மற்றவர்கள் திருத்தும் யாமல் கோப்பை ரூபியில் எப்படிப் படிப்பது?

#1 தண்டவாளத்துண்டு

வணக்கம். நான் முழுநேர நிரலர் இல்லை, பள்ளியில் கணினி ஆசிரியர். எங்கள் பள்ளியில் மணி அடிக்க ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்றில் ரூபி மொழி நிரல் ஓடுகிறது. நான் எழுதியதுதான், மொத்தம் 140 வரி. ரிலே (நிரல் இயக்கும் மின் சுவிட்ச்) வழியாக எலக்ட்ரிக் பெல். மணி அடிக்கும் நேரங்கள் ஒரு யாமல் கோப்பில் (பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்று எழுதும் உரைக் கோப்பு) இருக்கின்றன. அதை சாம்பா ஷேரில் (விண்டோஸ் கணினிகளுக்கும் நெட்வொர்க்கில் தெரியும் ஃபோல்டர்) போட்டிருக்கிறேன். அலுவலகத்து எழுத்தர் அக்கா விண்டோஸ் கணினியில் நோட்பேடில் திறந்து திருத்துவார். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது.

நான் எழுதிக் கொடுத்தது இப்படி இருந்தது:

தொடக்க_மணி: "09:30"
இடைவேளை: "11:00"
மதிய_உணவு: "12:40"
கடைசி_மணி: "16:20"

அரையாண்டுத் தேர்வுக்காக அக்கா மாற்றியது:

தொடக்க_மணி: 09:10
இடைவேளை: 10.50
மதிய_உணவு: "12:40"
கடைசி_மணி: 4.10

திங்கள் காலை மணி அடிக்கவில்லை. லாகில் (நிரலின் பதிவு) பார்த்தால் இன்டிஜருக்கு (முழு எண்) ஸ்ப்ளிட் (எழுத்தைத் துண்டாக்குவது) என்ற மெதட் இல்லை என்று நோமெதட்எர்ரர். நிரல்களை ஓட்டிக் கவனிக்கும் சிஸ்டம்டி ஐந்து முறை தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறது. வாட்ச்மேன் தாத்தா பழைய தண்டவாளத் துண்டை எடுத்துத் தட்டித்தான் தேர்வு தொடங்கியது. (இந்தப் புனைபெயர் அன்றைக்கு வந்ததுதான்.)

தலைமையாசிரியர் கேட்கிறார்: "மேற்கோள் குறி போடாததற்காகவா மணி நின்றது?" எனக்குப் பதில் இல்லை. வேறு கோப்பு வடிவத்துக்கு, ஜேசனுக்கு மாறட்டுமா? டாமலுக்கா? இல்லை, யாரும் கோப்பைத் தொட வேண்டாம் என்று ஒரு வெப் பக்கம் போட்டுவிடட்டுமா?

#2 கரிசல்

சார், முதலில் அந்த இன்டிஜர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஐஆர்பியில் (ரூபியை வரி வரியாக ஓட்டிப் பார்க்கும் கருவி) 09:10 என்பதை யாமலாக ஏற்றிப் பாருங்கள், 33000 வரும். 9 × 3600 + 10 × 60. யாமல் 1.1 விதிப்படி முக்காற்புள்ளி போட்ட எண்கள் அறுபதின் அடிமான எண்கள். 2009-இல் வந்த யாமல் 1.2 இதைத் தூக்கிவிட்டது. ஆனால் ரூபியில் யாமலைப் படிக்கும் சைக் உட்கார்ந்திருப்பது லிப்யாமல் என்ற நூலகத்தின் மேல், அது 1.1 காலத்து ஆசாமி.

அடுத்த வரி இதைவிட மோசம். 10.50 என்பது 10.5 என்ற ஃப்ளோட் (தசம எண்) ஆகிவிடும். 4.10 வெறும் 4.1. நான்கு மணி ஒரு நிமிடமா, பத்து நிமிடமா என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது, தகவலே போய்விட்டது. நம் ஊரில் எல்லோரும் நேரத்தைப் புள்ளி வைத்துத்தான் எழுதுகிறோம். பேருந்து நிலைய அட்டவணையில் இருந்து கல்யாணப் பத்திரிகை வரை அப்படித்தான். அக்கா மேல் ஒரு தவறும் இல்லை.

கையோடு இன்னும் சில. மதுரைத் தொலைபேசிக் குறியீடு 0452-ஐ மேற்கோள் இல்லாமல் எழுதினால் எட்டின் அடிமானத்தில் எடுத்துக்கொண்டு 298 தரும். அறை எண்கள் 101,102 என்று இடைவெளி விடாமல் எழுதினால் காற்புள்ளியை விழுங்கிவிட்டு 101102 என்ற ஒரே எண். ஆங்கிலத்தில் ஆஃப், நோ என்று எழுதினால் ஃபால்ஸ் (பொய்), ஆன், யெஸ் என்றால் ட்ரூ (மெய்). நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு (அதே நோ) ஃபால்ஸ் ஆகிவிடும் என்பது உலகப் பிரசித்தம்.

#3 நுங்கு

டாமல் போட்டுவிட்டுப் போங்கள் சார். டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013-இல் இந்தத் தலைவலிக்காகவே உண்டாக்கினது. 2021-இல் 1.0 வந்துவிட்டது. நேரத்துக்கென்று தனி வகையே இருக்கிறது, ஃபால்ஸ் என்றால் ஃபால்ஸ் மட்டும்தான், உள்தள்ளல் பிரச்சினையும் இல்லை. ரூபிக்கு இதற்கான ஜெம்கள் (கூடுதல் நூலகங்கள்) உண்டு.

#4 கரிசல்

> டாமல் போட்டுவிட்டுப் போங்கள்

தம்பி, அவருடைய கீ (முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் பெயர்) எல்லாம் தமிழில் இருப்பதைப் பார்த்தாயா? டாமல் 1.0-இல் மேற்கோள் இல்லாத கீயில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டும்தான் வரலாம். "தொடக்க_மணி" என்று கீக்கே மேற்கோள் போட வேண்டும். மேற்கோள் குறியில் சிக்கினவரை இன்னும் நான்கு மேற்கோள் குறிக்குள் தள்ளுகிறாய். நேர வகைக்கும் 1.0-இல் நொடி கட்டாயம். 09:10:00 என்று எழுதாவிட்டால் பிழை.

#5 நுங்கு

அட, கீ விஷயம் எனக்குத் தெரியாது. நான் எழுதினதெல்லாம் ஆங்கிலக் கீதான். வாபஸ்.

#6 கோடைமழை

எதற்கு யாமல், டாமல் என்று அலைய வேண்டும்? ரூபியிலேயே எழுதலாமே. ஜெம்ஃபைல், ரேக்ஃபைல், வேக்ரன்ட்ஃபைல், பூமாவின் கான்ஃபிக் என்று ரூபிக் கருவிகளின் அமைப்புக் கோப்புகள் எல்லாம் ரூபி நிரல்தான். "மணி" என்று ஒரு மெதட் எழுதி கோப்பை இன்ஸ்டன்ஸ்_எவால் செய்துவிட்டால் (நிரலாகவே ஓட்டிவிட்டால்),

மணி "தொடக்கம்", "9.10"

என்று எழுதலாம். மெதட் பெயரே தமிழில் வைக்கலாம், ரூபி ஒத்துக்கொள்ளும். பார்சர் (கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரல்) எழுத வேண்டாம், எந்த ஜெம்மும் வேண்டாம்.

#7 ஆலமரத்தடி

அந்த ஃபைல்களையெல்லாம் யார் எழுதுகிறார்கள் என்று பார் கோடைமழை. ஜெம்ஃபைலை எழுதுபவர் நிரலர், அந்த நிரலை ஓட்டும் உரிமையும் அவருக்கு உண்டு. இங்கே எழுதுபவர் வேறு, ஓட்டுபவர் வேறு. அந்தக் காற்புள்ளி விட்டுப்போனால் வரும் பிழைச் செய்தியை எழுத்தர் எங்கே போய்ப் படிப்பார்?

தண்டவாளத்துண்டு சார், உங்களிடம் இரண்டு கேள்வி. அந்த ஷேர் யாருக்கெல்லாம் தெரிகிறது? ராஸ்பெரி பையில் ரூபியின் எந்தப் பதிப்பு?

#8 தண்டவாளத்துண்டு

ஷேர் கம்ப்யூட்டர் லேபிலும் தெரியும். கடவுச்சொல் இல்லை. (தெரியும், தெரியும்.) அதில் இருக்கும் லினக்ஸ் டெபியன் 11 என்பதால் ரூபி 2.7. கோப்பை யாமலின் லோட்_ஃபைல் வைத்துத்தான் படிக்கிறேன்.

#9 ஆலமரத்தடி

அப்படியானால் கோடைமழை சொன்னதை, அதாவது கோப்பில் எழுதியதே நிரலாக ஓடுவதை, நீங்கள் ஏற்கெனவே பாதி செய்துவைத்திருக்கிறீர்கள் சார். ரூபி 2.7-இல் லோட்_ஃபைல் என்பது கோப்பில் வருகிற ரூபி ஆப்ஜெக்ட் டேகுகளை (இந்த வகைப் பொருளை உருவாக்கு என்ற குறிகள்) நம்பி, கேட்ட கிளாஸை உருவாக்கிக் கொடுத்துவிடும். பிளஸ் டூ பையன் ஒருவன் மதியம் பொழுது போகாமல் தேடினால் போதும், அந்த வழியாக உங்கள் பையில் தான் நினைத்ததை ஓட்டிவிடுவான்.

கதையாகச் சொல்லவில்லை. 2013 ஜனவரியில் ரெயில்ஸ் (ரூபியின் வெப் கட்டமைப்பு) இதே ஓட்டையில் விழுந்தது. எக்ஸ்எம்எல் வேண்டுகோளுக்குள் யாமலைச் செருகி அனுப்பினால் சர்வரில் அனுப்பியவரின் நிரல் ஓடும். அந்த மாதக் கடைசியில் ஜெம்களை வழங்கும் ரூபிஜெம்ஸ் தளத்திலேயே கைவைத்துவிட்டார்கள், ஒரு ஜெம்மின் மெட்டாடேட்டா யாமல் வழியாக. ஜெம்களெல்லாம் கலப்படமா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

2021 டிசம்பரில் வந்த ரூபி 3.1-இல் சைக் 4 சேர்ந்தது. அதிலிருந்துதான் வெறும் லோட் என்றாலே பாதுகாப்பான லோட். பழைய நடத்தை வேண்டுமானால் அன்சேஃப்_லோட் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். முடிந்தால் டெபியன் 12-க்குப் போங்கள், அதில் 3.1 இருக்கிறது. அதுவரை சேஃப்_லோட்.

#10 தண்டவாளத்துண்டு

சேஃப்_லோட்_ஃபைல் போட்டேன், அப்படி ஒரு மெதட்டே இல்லை என்கிறது. பிறகு ஃபைல்.ரீட் செய்து சேஃப்_லோட் கொடுத்தேன், ஓடியது. ஆனால் விடுமுறைப் பட்டியல் கோப்பில் 2025-01-15 என்று இருந்த இடத்தில் டேட் கிளாஸுக்கு அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது. மாட்டுப் பொங்கல் எந்த விதத்தில் ஆபத்து?

#11 கரிசல்

:) சேஃப்_லோட்_ஃபைல் ரூபி 3.0-இல்தான் வந்தது. தேதிக்கு, பெர்மிட்டட்_கிளாஸஸ் என்ற கீவேர்டில் டேட்டைச் சேர்த்துக் கொடுங்கள். மாட்டுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிடும்.

அப்படியே இன்னொன்று. அக்கா ஒருநாள் எல்லா வரிக்கும் முன்னால் ஹாஷ் குறி (#) போட்டு அணைத்துவிட்டால், சேஃப்_லோட் தருவது நில் (ஒன்றுமில்லை). முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் எல்லா வரியையும் எழுதினால் மொத்தக் கோப்பும் ஒரே ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). ரூபியில் இது விஷப்பரீட்சை. ஸ்ட்ரிங் மேலும் சதுர அடைப்பில் "இடைவேளை" என்று கேட்கலாம். அந்தச் சொல் ஸ்ட்ரிங்குக்குள் இருந்தால் "இடைவேளை" என்ற அதே சொல்லைத் திருப்பித் தரும், பிழை காட்டாது. நான் ஒருமுறை இதைப் பிடிக்க அரை நாள் உட்கார்ந்தேன். படித்து முடித்ததும் வந்திருப்பது ஹாஷ் (கீ, மதிப்பு இணைகளின் தொகுப்பு; குறி இல்லை) தானா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலை பாருங்கள். அதற்கப்புறம் சதுர அடைப்பை விட்டுவிட்டு ஃபெட்ச் பயன்படுத்துங்கள். கீ இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே கீஎர்ரர் வந்து நிற்கும். நில் நைசாக உள்ளே போய், இருபது வரி தள்ளி வேறொருவர் வீட்டில் வெடிக்காது.

#12 கோடைமழை

சரி, ரூபியிலேயே எழுதும் யோசனையை விட்டேன். ஆனால் சேஃப்_லோட் போட்டாலும் 9.10 இன்னும் 9.1 தானே? அசல் பிரச்சினை அப்படியே இருக்கிறது. மேற்கோள் போடுங்கள் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் முடிவா?

#13 ஆலமரத்தடி

வேண்டாம், யாமலை முழுக்க ஏற்றாமல் பாதியில் நிறுத்தலாம்.

சைக் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் கோப்பைப் படித்து ஒரு மரம் கட்டும்: மேப்பிங் (கீ, மதிப்பு இணைகள்), சீக்வன்ஸ் (பட்டியல்), ஸ்கேலார் (தனி மதிப்பு), ஏலியஸ் (வேறிடத்தைச் சுட்டும் குறி) என்று கணுக்கள். இரண்டாவதாகத்தான் அந்த மரத்தில் ஏறி "இது எண் போலிருக்கிறது, இது தேதி போலிருக்கிறது" என்று ரூபி மதிப்பாக மாற்றும். நம் தொல்லையெல்லாம் இரண்டாம் கட்டத்தில். சைக்.பார்ஸ் என்று அழைத்தால் முதல் கட்டத்தோடு நின்றுகொண்டு மரத்தைக் கையில் கொடுத்துவிடும். ஸ்கேலார் கணுவின் வேல்யூ என்பது கோப்பில் எழுதியிருந்த எழுத்துகள் அப்படியே. 9.10 என்றால் "9.10". 09:10 என்றால் "09:10". மேற்கோள் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

மரத்தில் ஏற ஒரு சின்ன மெதட் போதும், இருபது வரிகூட வராது. மேப்பிங் என்றால் குழந்தைகளை இரண்டிரண்டாக எடுத்து கீ, மதிப்பு. சீக்வன்ஸ் என்றால் வரிசையாக. ஸ்கேலார் என்றால் வேல்யூ. ஏலியஸ் வந்தால் "இது இங்கே தேவையில்லை" என்று மறுத்துவிடுங்கள். கோப்பு காலி என்றால் பார்ஸ் ஃபால்ஸ் தரும், அதைத் தனியாகப் பாருங்கள். எந்த கிளாஸும் உருவாவதில்லை என்பதால் அந்த லேப் பையன் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்தது. தேதிக்கு அனுமதிச் சீட்டும் வேண்டாம், எழுத்தாக வரும், நீங்களே டேட்டாக மாற்றிக்கொள்வீர்கள்.

எனக்கு இதில் பிடித்தது வேறு இரண்டு. ஒன்று, ஒரே கீ இரண்டு முறை வந்தால் லோட் சத்தம் போடாமல் கடைசியை எடுத்துக்கொள்ளும். மரத்தில் இரண்டும் கண்ணுக்குத் தெரியும், பிடித்துவிடலாம். இரண்டாவது, ஒவ்வொரு கணுவுக்கும் ஸ்டார்ட்_லைன் இருக்கிறது. நேரம் தப்பாக இருந்தால் எந்த வரி என்று சொல்லலாம். நோட்பேடில் கீழே வரி எண் காட்டும், அக்கா நேராக அங்கே போய்விடுவார்.

#14 நுங்கு

பார்சரே விழுந்துவிட்டால்? அக்கா டேப் அடித்தால்?

#15 ஆலமரத்தடி

சைக்::சின்டாக்ஸ்எர்ரர் வரும். அதிலும் வரி எண், வரியில் எத்தனையாவது எழுத்து என்பது இருக்கிறது. ஆனால் அதன் வாசகத்தை அப்படியே காட்டாதீர்கள். டேப்புக்கு அது சொல்வது "எந்த டோக்கனையும் தொடங்க முடியாத எழுத்து" என்ற ரீதியில் இருக்கும், தமிழிலோ ஆங்கிலத்திலோ மனிதர் யாருக்கும் புரியாது. அந்த வரியில் டேப் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து "7-ஆம் வரியில் டேப் இருக்கிறது, ஸ்பேஸ் போடவும்" என்று சொல்லுங்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டுப்போன பிழைக்கு அது பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டும். அதனால் மேல் வரியையும் சேர்த்துக் காட்டுவது நல்லது.

#16 தண்டவாளத்துண்டு

இது நன்றாக இருக்கிறது ஆலமரத்தடி அக்கா. இன்று மாலையே எழுதிப் பார்க்கிறேன். ஆனால் 4.10? அது பகல் என்று எழுத்தர் அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து ஏழுக்குள் இருந்தால் பன்னிரண்டைக் கூட்டிவிடட்டுமா?

#17 கோடைமழை

கூட்டிவிடுங்கள். விடியற்காலை நாலரைக்கு எந்தப் பள்ளியில் மணி அடிக்கிறார்கள்?

#18 கரிசல்

விடுதி இருக்கிற பள்ளியில். காலை 5.30-க்கு எழுப்பும் மணி. சார் பள்ளியில் இன்றைக்கு விடுதி இல்லாமல் இருக்கலாம். நிரல் நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளி வாங்கிக்கொண்டு போகும், அங்கே இருக்கும்.

ஊகிக்காமல் கேட்பது மேல். மணிகள் காலையிலிருந்து மாலைக்கு வரிசையாகத்தான் எழுதப்பட வேண்டும் என்று வையுங்கள். 12.40-க்குப் பிறகு 4.10 வந்தால், "4-ஆம் வரி: 4.10 என்பது முந்தைய மணி 12.40-க்கு முன்னால் வருகிறது. மாலை என்றால் 16.10 என்று எழுதவும்." அக்கா ஒருமுறை படித்தால் போதும்.

#19 ஆலமரத்தடி

அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். புள்ளி, முக்காற்புள்ளி இரண்டையும் ஏற்பது ஊகமில்லை, இரண்டுக்கும் ஒரே பொருள்தான். பன்னிரண்டைக் கூட்டுவது ஊகம்.

தமிழ்க் கீ என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தொடக்க_மணி"யில் உள்ள "தொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறிக்குத் தனியாக ஓர் எண் இருக்கிறது. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வந்தாலும் திரையில் அதேதான் தெரியும். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டினால், சில விசைப்பலகையில் அடித்தால் இரண்டாவது வகை வரும். ரூபிக்கு அவை வேறு வேறு ஸ்ட்ரிங். "கீ இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். படித்தவுடன் யூனிகோட்_நார்மலைஸ் போட்டு என்எஃப்சி (ஒரே சீரான வடிவம்) ஆக்கிவிடுங்கள். பள்ளிப் பெயரில் ஸ்ரீ இருந்தால் மட்டும் கவனம்: ஸகரத்தில் எழுதியதும் ஶகரத்தில் எழுதியதும் என்எஃப்சிக்குப் பிறகும் வேறாகவே இருக்கும்.

ஃபைல்.ரீட் செய்யும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். லோகேல் (மொழி, எழுத்து அமைப்பு) அமையாத இடத்தில் ரூபி கோப்பை ஆங்கில எழுத்து மட்டுமுள்ள யூஎஸ்-ஆஸ்கி என்று நினைத்துக்கொள்ளும், கையால் ஓட்டினால் சரியாக இருக்கும், தானாக ஓடினால் தமிழ் எழுத்தைக் கண்டு விழும்.

#20 நுங்கு

கீயில் எழுத்துப்பிழை வந்தால் ரூபியில் அழகான வழி உண்டு. டிட்யூமீன் என்ற எழுத்துப்பிழைத் திருத்தி, ரூபி 2.3-இலிருந்து ரூபியோடு சேர்ந்தே வருகிறது. அதன் ஸ்பெல்செக்கர் கிளாஸுக்குச் சரியான கீகளை அகராதியாகக் கொடுத்துவிட்டு, கரெக்ட் என்று கேட்டால் நெருங்கிய சொல்லைத் தரும். தமிழிலும் வேலை செய்கிறது. "இடைவெளி" கொடுத்தேன், "இடைவேளை" வந்தது!

#21 தண்டவாளத்துண்டு

> "இடைவெளி" கொடுத்தேன், "இடைவேளை" வந்தது!

எங்கள் தலைமையாசிரியர் அறிவிப்பிலேயே இந்தப் பிழை வரும். உடனே சேர்க்கிறேன்.

இப்போது இன்னொரு மர்மம். அக்கா கோப்பில் ஹாஷ் குறி போட்டுக் குறிப்பு எழுதுவார், "வெள்ளி தொழுகைக்கு 10 நிமிடம் முன்" என்பது மாதிரி. மறுநாள் திறந்தால் அந்தக் குறிப்பெல்லாம் காணவில்லை என்கிறார். இரண்டு முறை அவர் மாற்றிய நேரமே பழையபடி திரும்பிவிட்டதாம். நான் அவர் சேமிக்க மறந்திருப்பார் என்று சொல்லிவிட்டேன்.

#22 கரிசல்

சார், உங்கள் நிரல் அந்தக் கோப்பில் ஏதாவது எழுதுகிறதா?

#23 தண்டவாளத்துண்டு

கடைசியாக எந்த மணி அடித்தது என்று எழுதும். மின்சாரம் போய் வந்தால் அதே மணியை மறுபடி அடிக்காமல் இருக்க. "கடைசியாக_அடித்தது" என்று அதே கோப்பின் அடியில். ஹாஷைத் திருத்தி டூ_யாமல் போட்டு (மறுபடி யாமலாக்கி) முழுதாக எழுதிவிடும்.

...ஓ.

#24 கரிசல்

ஆமாம். யாமலை ஏற்றும்போதே கமென்ட் உதிர்ந்துவிடும், ஹாஷில் கமென்டுக்கு இடம் கிடையாது. அதைத் திரும்பக் கொட்டினால் அவர் எழுதிய குறிப்பு, விட்ட வெற்று வரி, போட்ட மேற்கோள் எல்லாம் போய் நிரலின் கையெழுத்தில் ஒரு புதுக் கோப்பு. அவர் ஒன்பது மணிக்கு மாற்றிச் சேமித்திருப்பார். உங்கள் நிரல் காலையில் ஒருமுறை ஏற்றிய பழைய ஹாஷையே நினைவில் வைத்துக்கொண்டு, 9.30 மணி அடித்ததும் அதை மேலே எழுதியிருக்கும். அவர் மாற்றம் அம்போ. அக்காவிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

அந்தக் கோப்பு அக்காவுடையது. நிரல் அதைப் படிக்கலாம், எழுதவே கூடாது. சாம்பா ஷேரில் நிரல் ஓடும் பயனருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்துவிடுங்கள், கை தவறிக்கூட எழுதாது. லினக்ஸில் இதற்காகத்தான் மனிதர் திருத்தும் அமைப்புகளுக்கு ஈடிசி ஒரு பக்கம், நிரல்களின் தரவுக்கு வார் லிப் ஒரு பக்கம் என்று வைத்தார்கள். டெபியனில் பொதியைப் புதுப்பிக்கும்போது, நீங்கள் திருத்திய ஈடிசி கோப்பைக் கேட்காமல் டிபிகேஜி மாற்றாது, கவனித்திருப்பீர்கள்.

#25 ஆலமரத்தடி

கடைசியாக அடித்தது வார் லிப்பில் தனிக் கோப்பில் போகட்டும். ரூபியோடு வரும் பிஸ்டோர் (சின்னத் தரவுச் சேமிப்பு) போதும். கையால் எழுதுவதாக இருந்தால் நேராக அந்தக் கோப்பைத் திறந்து எழுதாதீர்கள், பாதியில் மின்சாரம் போனால் காலிக் கோப்புதான் மிஞ்சும். அதே டைரக்டரியில் ஒரு தற்காலிகக் கோப்பு, எழுதி எஃப்சிங்க் செய்து (வட்டில் பதிந்ததை உறுதிசெய்து), பிறகு ஃபைல்.ரீநேம். டைரக்டரி முக்கியம். தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பியில் எழுதினால் அது வேறு ஃபைல்சிஸ்டமாக இருக்கலாம், ரீநேம் விழும்.

மறுமுனையையும் பாருங்கள். அக்கா சேமிக்கிற அதே நொடியில் நீங்கள் படித்தால் பாதிக் கோப்பு வரும். நிமிடத்துக்கு ஒருமுறை எம்டைம் (கோப்பு கடைசியாக மாறிய நேரம்) பாருங்கள். மாறியிருந்து, மாறி இரண்டு மூன்று நொடியாவது ஆகியிருந்தால் மட்டும் படியுங்கள். மணி அடிக்கும் நிரலுக்கு மாற்றத்தை உடனே சொல்லும் ஐநோட்டிஃபை, லிசன் ஜெம் எல்லாம் தேவையில்லை. ஹப் சிக்னல் அனுப்பி மறுபடி படிக்க வைப்பது சர்வர்க்காரர்கள் பழக்கம், நோட்பேடிலிருந்து அக்கா சிக்னல் அனுப்ப மாட்டார்.

#26 கோடைமழை

கோப்பு தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. கடைசியாகச் சரியாக இருந்த நகலை வைத்து ஓட்டலாம் என்பது என் கட்சி. மணி நிற்கவே கூடாது.

#27 கரிசல்

அங்கேதான் யோசிக்க வேண்டும். தேர்வு 9.10-க்கு, மணி பழைய நேரப்படி 9.30-க்கு அடித்தால்? அடிக்காத மணியை வாட்ச்மேன் கவனித்துத் தண்டவாளத்தைத் தட்டுவார். தப்பான நேரத்தில் அடிக்கும் மணியை எல்லோரும் நம்பிவிடுவார்கள். நான் நிறுத்திவிடுவேன்.

#28 கோடைமழை

அண்ணே, அக்கா விடுமுறைப் பட்டியலில் ஒரு கீயைத் தப்பாக அடித்தார் என்பதற்காக அன்று மதிய உணவு மணி அடிக்கக் கூடாதா? 98 சதவீத நாளில் பழைய நேரமும் புதிய நேரமும் ஒன்றேதான்.

#29 கரிசல்

98 எங்கிருந்து எடுத்தாய்?

#30 கோடைமழை

வாயிலிருந்து. ஆனாலும் வாதம் சரி.

#31 ஆலமரத்தடி

இருவருமே பிழை அக்காவுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அவர் திருத்திய ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டால் இரண்டு கட்சியும் தேவையில்லை. லினக்ஸில் சூடோ அனுமதிக் கோப்பைத் திருத்தும் வைசூடோ என்ன செய்கிறது? நகலைத் திருத்த விட்டு, இலக்கணம் சரிபார்த்து, சரியென்றால்தான் உண்மையான கோப்பில் வைக்கும். தப்பென்றால் திருத்தினவர் இன்னும் கீபோர்டு முன்னாலேயே இருக்கிறார், அங்கேயே கேட்கும். இங்கே நோட்பேடை நாம் மடக்க முடியாது. ஆனால் பதில் சொல்ல முடியும். ஷேரிலேயே, மணிக் கோப்புக்குப் பக்கத்தில், "பிழை" என்று ஒரு கோப்பு எழுதுங்கள். லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் அக்காவுக்கு வேண்டாம். சரியானதும் அதை அழித்துவிடுங்கள்.

(நிரல் எழுத அனுமதியுள்ள ஒரே கோப்பு அந்த ஷேரில் அதுவாக இருக்கட்டும். அதற்கு ஒரு துணை ஃபோல்டர் வைத்தால் அனுமதிகளைப் பிரிப்பது எளிது.)

#32 தண்டவாளத்துண்டு

ராஸ்பெரி பையில் இன்னொரு பின் (மின் இணைப்பு ஊசி) காலியாக இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு சின்ன பஸ்ஸர் வைக்கலாமா? சரியென்றால் ஒருமுறை, பிழையென்றால் இரண்டு முறை.

#33 ஆலமரத்தடி

அருமை சார். கோப்பைத் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை.

#34 கரிசல்

பஸ்ஸர் இருந்தால் நான் கோடைமழை கட்சிக்கு வந்துவிடுகிறேன். பழைய நகலில் ஓடட்டும், ஆனால் சரியாகும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தடவை கத்தட்டும்.

#35 தண்டவாளத்துண்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டெபியன் 12-க்கு மாறிவிட்டேன். நிரல் இப்போது 210 வரி, அதில் பாதி பிழைச் செய்தி. ஷேருக்குக் கடவுச்சொல் வைத்துவிட்டேன், லேபில் இரண்டு பையன்கள் வருத்தப்பட்டார்கள் என்று கேள்வி. கடைசியாக அடித்தது பிஸ்டோருக்குப் போய்விட்டது.

அக்கா இதுவரை நான்கு முறை திருத்தியிருக்கிறார். ஒருமுறை இரண்டு பீப், "இடைவெளி" தான். என்னைக் கூப்பிடாமல் அவரே சரிசெய்துவிட்டார். கோப்பின் தலையில் அவர் எழுதிவைத்திருக்கும் குறிப்பு, மூன்று வாரமாக அழியாமல் இருக்கிறது:

\# சேமித்தபின் ஒரு நிமிடம் உட்காரவும். ஒரு சத்தம் = சரி. இரண்டு சத்தம் = பக்கத்துக் கோப்பைப் பார்.
\# கணினி சார் விடுப்பில் இருந்தாலும் பரவாயில்லை.

ஒரே ஒரு புகார். பிழைக் கோப்பு சொல்லும் வரிக்குப் போனால் அங்கே ஒன்றும் இல்லையாம், அதற்கு அடுத்த வரியில்தான் தப்பு இருக்கிறதாம்.

#36 ஆலமரத்தடி

ஸ்டார்ட்_லைன் பூஜ்யத்திலிருந்து எண்ணும் சார். நான்தான் சொல்லாமல் விட்டேன். ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

#37 தண்டவாளத்துண்டு

கூட்டிவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். "நான் மனசுக்குள்ளேயே கூட்டிக்கிட்டுதான் சார் இருந்தேன்" என்கிறார்.